என் ஸ்கூட்டருக்கு நாலு சக்கரம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரை படித்தவள். மைக்கைப் பிடிச்சா கை நடுங்குது. அதனால் நோட்டில் எழுதி வைத்து, அதைப் பார்த்துத்தான் பேசுகிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. வீட்டு வேலை, ரெண்டு பிள்ளைகள், நாலு ஆடு, ஓய்ந்த நேரத்தில் பிளவுஸ் தைப்பது, இதுதான் என் பிழைப்பு. இன்னைக்கு என்னை வண்டியைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. வாசலில் வேப்பமரத்தடியில் நீலக் கலர் ஸ்கூட்டர் நிக்குதே, பின்னாடி ரெண்டு பக்கமும் கூடுதலா ஒவ்வொரு சக்கரம் வச்சது, அதுதான் என் வண்டி.

எனக்கு ரெண்டு வயசில் போலியோ வந்து வலது கால் சூம்பிப் போச்சு. நான் பிறந்தது 1988. ஊர் ஊராகப் போலியோ சொட்டு மருந்து முகாம் போட ஆரம்பித்தது 1995-ல். அதுக்கு முன்னாடி பிறந்தவங்க நாங்க. இப்ப நம்ம நாட்டில் போலியோ இல்லை என்று 2014-ஆம் வருசம் மார்ச் மாதம் சான்று கொடுத்துவிட்டார்கள். என் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் எங்க காலத்துப் பிள்ளைகள் அந்தக் காலோடுதான் இன்னைக்கு நாப்பதை நெருங்கிக்கிட்டிருக்கோம்.

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. இங்கே இருக்கும் மூத்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா, எழுத்துப் படிப்போடு பொம்பளைங்க சைக்கிளும் கத்துக்கணும் என்று சொன்னார்கள். சைக்கிள் வாங்க பேங்கில் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். எங்க அம்மாவும் அதில் ஒருத்தி. பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்து எழுந்து கத்துக்கிட்டதை இன்னைக்கும் சொல்லுவாங்க.

அம்மா வாங்கினது ஆம்பளை சைக்கிள். அதில் முன்னால் பார் இருக்கும். அந்தப் பாரில் துண்டை மடிச்சுப் போட்டு என்னை உட்கார வைத்துத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவாங்க. பத்தாவது வரை அப்படித்தான் படித்தேன், பிறகு கேரியரில். பதினொன்னாவது படிக்க டவுனுக்கு பஸ்ஸில் போகணும். பஸ் படிக்கட்டு என் இடுப்பு உயரம். படிப்பு அங்கேயே நின்னு போச்சு.

ஊரில் அத்தனை பொம்பளையும் சைக்கிளில் போனார்கள். நான் மட்டும் யாராவது ஏத்திக்கிட்டுப் போனால்தான் உண்டு. சைக்கிள் மிதிக்க ரெண்டு கால் வேணும். அது யார் குத்தமும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் திறந்த ஒரு கதவு எனக்கு மட்டும் திறக்கலை என்கிற வருத்தம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

கல்யாணம் ஆன பிறகு வீட்டுக்காரர் மொபெட்டில் கூட்டிக்கிட்டுப் போனார். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. உங்க வீட்டிலும் எத்தனை தென்னை, எத்தனை பலா போச்சுன்னு உங்களுக்கே தெரியும். எங்க தோப்பு முழுசும் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. வருமானம் இல்லாமல் அவர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனார். அன்னையிலிருந்து ரேஷன் கடைக்கு ஒருத்தர் தயவு, ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் தயவு, பேங்குக்கு ஒருத்தர் தயவு. ஆட்டோவுக்குக் கொடுத்தே தையல் கூலி கரைஞ்சது. குழுவில் என்னைப் பிரதிநிதியாகப் போடலாமா என்று பேச்சு வந்தபோது, "அவளால பேங்குக்கு அலைய முடியாதும்மா, பாவம்" என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பாசத்தில்தான் சொன்னாங்க. இருந்தாலும் அந்த 'பாவம்' என்கிற வார்த்தை ராத்திரி தூங்க விடலை.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் இலவசமாகக் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு மனு கொடுக்கப் போனேன். ரெண்டு காலும் பாதிக்கப்பட்டு, கை நல்லா இருக்கிறவங்களுக்குத்தான் அந்தத் திட்டம் என்றார்கள். எனக்கு ஒரு கால்தானே. நியாயம்தான், என்னைவிடக் கஷ்டப்படுறவங்களுக்கு முதலில் போகணும். அதனால் குழுவில் கடன் கேட்டேன். இது 2021-ல்.

அன்னைக்குக் குழுக் கூட்டத்தில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். "ஆட்டுக்குக் கடன் உண்டு, மாட்டுக்குக் கடன் உண்டு, தையல் மிசினுக்கும் உண்டு. வண்டி வாங்கக் கடன் கொடுத்தா அது செலவுக் கடன்தானே? வரவு எங்கே?" என்று ஒருத்தர். "கீழ விழுந்தா யாரு பொறுப்பு? நாளைக்கு அவ வீட்டுக்காரருக்கு யாரு பதில் சொல்றது?" என்று இன்னொருத்தர். நான் தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எங்க குழுவில் மூத்த அப்பத்தா ஒருத்தர் எழுந்தார். "அறிவொளிக் காலத்துல நான் சைக்கிள் கத்துக்கிட்டப்ப என் மாமியாளும் இதைத்தான் கேட்டா, விழுந்தா யாரு பொறுப்புன்னு. விழுந்தேன். முட்டி பேந்துச்சு. எழுந்திரிச்சேன். அதுக்கப்புறம் முப்பது வருசம் அந்த சைக்கிள்லதான் பூ யாவாரம் பாத்தேன். பேங்குக்காரன் நமக்குச் சைக்கிளுக்குக் கடன் கொடுத்தான். நாம நம்ம புள்ளைக்குக் கொடுக்க மாட்டோமா?" என்றார். அதுக்கப்புறம் யாரும் பேசலை. ஐம்பதாயிரம் ரூபாய், நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, மாசம் 2,500 அசல், இருபது தவணை என்று தீர்மான நோட்டில் எழுதினார்கள். வேண்டாம் என்று சொன்ன ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இனிமே நான் சொல்லப்போவதுதான் முக்கியம். ஏனென்றால் கடன் கிடைத்ததோடு கதை முடியலை. நான் செய்த தப்பை நீங்க யாரும் செய்யக் கூடாது.

34,000 ரூபாய்க்குப் பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன். பக்கத்து டவுனில் ஒரு பட்டறையில் 9,000 ரூபாய்க்குச் சக்கரம் வைத்துக் கொடுத்தார்கள். இரும்புப் பைப்பை வளைச்சு, வண்டியின் அடியில் வெல்டு வைத்து, ரெண்டு பக்கமும் சக்கரத்தை மாட்டிவிட்டார்கள். என்னை ஒரு தடவைகூட வண்டியில் உட்கார வைத்துப் பார்க்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியலை. வண்டி நிக்குது, விழலை, அது போதும் என்று சந்தோசமா எடுத்துக்கிட்டு வந்தேன்.

மூணாவது வாரம், பின்னாடி என் மகளை உட்கார வைத்துக்கொண்டு வரும்போது, கண்மாய்க்கரை வளைவில் வண்டி வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. பிரேக்கைப் பிடிச்சேன். பிடிக்கவே இல்லை, வழுக்கிக்கிட்டே போச்சு. ரெண்டு பேரும் சரளைக் கல்லில் விழுந்தோம். எனக்குச் சிராய்ப்போடு போச்சு. மகளுக்கு முன்கை எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அப்ப அவளுக்கு எட்டு வயசு. வலியில் அழுதுகிட்டே, "அம்மா, உன் கால்ல அடிபட்டுச்சா?" என்று கேட்டாள். அதை நினைச்சா இப்பவும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஊரில் என்ன பேசியிருப்பாங்க என்று நீங்களே நினைச்சுப் பாருங்க. வீட்டுக்காரர் போனில், "வித்துட்டு வந்த காசைக் குழுவுல கட்டிடு" என்றார். நானும் விக்கத்தான் இருந்தேன். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டேன். ரெண்டு மாசம் அதைத் தொடவே இல்லை. தவணை மட்டும் கட்டிக்கிட்டிருந்தேன்.

பிறகு, சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு அண்ணன் மூலமாகத் திருச்சியில் ஒரு பட்டறை தெரிய வந்தது. அந்த மெக்கானிக்குக்கும் ஒரு கால் இல்லை. இந்த வேலையை மட்டும்தான் செய்கிறார். மினி லாரியில் என் வண்டியை ஏத்திக்கிட்டுப் போனோம். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. என்னை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். "காலிப்பரோட நடங்க. உட்காருங்க. எழுந்திரிங்க. எந்தப் பக்கம் ஏறுவீங்க? வலது காலை நீங்களே தூக்க முடியுமா, கையால எடுத்து வைக்கணுமா? கைப்பிடி எவ்வளவு நேரம் அமுக்க முடியும்? கூட யாரு வருவா, எவ்வளவு எடை?" இப்படி அரை மணி நேரம் கேள்வி. "முதல்ல உங்களை அளக்கணும்மா, அப்புறந்தான் வண்டியை" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போச்சு. நான் பிளவுஸ் தைக்கிறவள். அளவெடுக்காமல் துணியில் கத்திரி வைக்க மாட்டேன். உயிரைச் சுமக்கிற வண்டியை அளவில்லாமல் வாங்கிக்கிட்டு வந்திருக்கிறேன்.

நான் ஏன் விழுந்தேன் என்று அவர் மண்ணில் கோடு போட்டு விளக்கினார். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பக்கச் சக்கரம் ரெண்டும் ரொம்பத் தாழ்வாக இருந்திருக்கிறது. ஸ்பிரிங்கும் இல்லை. அதனால் மேடு பள்ளத்தில் பக்கச் சக்கரங்கள் ரெண்டும் மேட்டில் நின்று, நடுவில் இருக்கிற வண்டியின் சொந்தப் பின்சக்கரம் தரையில் அழுந்தாமல் தொங்கியிருக்கிறது. வண்டியை ஓட்டுறதும் அந்தப் பின்சக்கரம்தான், பின் பிரேக்கும் அதில்தான். எனக்கு வைத்துக் கொடுத்த பக்கச் சக்கரங்களில் பிரேக்கே கிடையாது. பின்சக்கரம் தரையை அழுத்தவில்லை என்றால் பிரேக் பிடித்து என்ன பிரயோசனம்?

ரெண்டாவது, சக்கரங்கள் ரெண்டும் நெருக்கமாக இருந்தன. கால் பரப்பி நிக்கிறவளைத் தள்ளினா சுலபமா விழ மாட்டாள், கால் சேர்த்து நிக்கிறவள் விழுவாள். அதே கணக்குத்தான்.

மூணாவது, என் தப்பு. சாதாரண ஸ்கூட்டர் வளைவில் உள்பக்கமாகச் சாய்ந்து திரும்பும். சக்கரம் வைத்த வண்டி சாயாது. நிமிர்ந்தபடியே திரும்பும். வேகமா திருப்பினா வெளிப்பக்கமா தூக்கிப் போடும். அதனால் வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், உடம்பை உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ள வேண்டும். நான் நாப்பதில் போனேன். அதனால் பழைய பட்டறைக்காரர் மேல் மட்டும் பழி போட மாட்டேன். "முன்னாடி சைக்கிள், பைக் ஓட்டினவங்களுக்குத்தான் இது சிரமம், சாய்ச்சே பழகியிருப்பாங்க. உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லாதது நல்லதுதான்" என்று அவர் சொன்னார். சைக்கிள் ஓட்டாதது நல்லது என்று என்னிடம் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

புதுசா சக்கரம் வைக்க 21,000 ரூபாய் ஆனது. தோட்டை அடகு வைத்தேன், ரெண்டு ஆட்டை வித்தேன். இந்த முறை என்னவெல்லாம் செய்தார் என்று வரிசையாகச் சொல்கிறேன். உங்க வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது வண்டி செய்யப் போனால், இதையெல்லாம் கேட்டு வாங்குங்க.

பக்கச் சக்கரம் ரெண்டுக்கும் தனித்தனியா ஸ்பிரிங் போட்ட ஷாக் அப்சார்பர் இருக்கணும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் பின்சக்கரம் தரையை விடக் கூடாது. நாம் வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் சக்கரத்தின் உயரத்தைச் சரிபார்க்கணும், காலி வண்டியில் இல்லை.

கால் வைக்கிற பலகையின் ஓரத்தில் தடுப்பு வைத்தார். சூம்பின கால் குலுங்கும்போது வெளியே நழுவித் தரையில் இழுபடும். அதுக்குத்தான் தடுப்பு. சிலர் காலைக் கயிற்றால் கட்டிக்கிறாங்க. கட்டவே கூடாது என்றார். வண்டி சாய்ந்தால் காலை எடுக்க முடியாது.

சைலன்சருக்கு மேல் தகடு வைத்தார். எனக்குக் காலில் உணர்ச்சி உண்டு, சுட்டா தெரியும். தண்டுவடத்தில் அடிபட்டவங்களுக்கும், சர்க்கரையால் கால் மரத்துப் போனவங்களுக்கும் சுடுறதே தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் தோல் வெந்து போயிருக்கும். அவங்களுக்கு இந்தத் தகடு கட்டாயம்.

ஊன்றுகோல் மாட்ட ஒரு கொக்கி. இது சின்ன விசயம் மாதிரி தெரியும். ஊன்றுகோல் இல்லாமல் போய் இறங்கினால் அந்த இடத்திலேயே நிக்க வேண்டியதுதான்.

பேட்டரி நல்லா இருக்கணும். நம்மால் கிக்கர் உதைக்க முடியாது, செல்ஃப் ஸ்டார்ட்டை நம்பித்தான் போறோம். அதே மாதிரி வண்டியைக் காலால் உந்திப் பின்னால் தள்ளவும் முடியாது. ரிவர்ஸ் கியர் வைத்தும் தருகிறார்கள், அதுக்குத் தனிச் செலவு. நான் வைக்கலை. அதனால் எங்கே நிறுத்தினாலும் வெளியே வர வழி பார்த்துத்தான் நிறுத்துவேன். முகப்பைச் சுவரைப் பார்த்து நிறுத்தவே மாட்டேன். நாலு டயரிலும் காத்து பார்க்கணும். ஒரு பக்கச் சக்கரத்தில் காத்துக் குறைஞ்சாலும் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும்.

ஏன் ஸ்கூட்டர், ஏன் பைக் இல்லை என்று ஒரு தங்கச்சி கேட்டாள். கியர் வைத்த பைக்கில் இடது காலால் கியர் மாத்தணும், வலது காலால் பின் பிரேக் மிதிக்கணும். ஸ்கூட்டரில் கியர் மாத்துற வேலை இல்லை, ரெண்டு பிரேக்கும் கையில் இருக்கும். அதனால் கால் முடியாதவங்களுக்கு அதுவே பாதி தயார். பைக்கிலும் கால் பிரேக்கைக் கைக்குக் கொண்டு வரலாம், ஆனால் வேலை அதிகம், தெரிந்தவர்தான் செய்யணும். கை ஒன்று முடியாதவங்களுக்கு ஆக்சிலேட்டரை இடது பக்கம் மாற்றித் தருவதும் உண்டு. ஆளுக்கு ஏத்த மாதிரி மாறும். அவங்க வண்டி எனக்கு ஆகாது, என் வண்டி அவங்களுக்கு ஆகாது.

அடுத்தது பேப்பர் விசயம். இதில் நம்மாட்கள் நிறையப் பேர் பயந்து ஒதுங்கிடுறாங்க. உடல் குறை இருப்பவங்களுக்கு லைசென்சு தர மாட்டாங்க என்று நானும் நினைச்சிருந்தேன். அப்படி இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் நம்ம வண்டிக்குத் தனியா ஒரு வகை இருக்கிறது. முன்பு அதை 'இன்வேலிட் கேரேஜ்' என்று எழுதியிருந்தார்களாம். அதாவது நோயாளி வண்டி மாதிரி. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது அந்த வார்த்தையை எடுத்துவிட்டு 'அடாப்டட் வெஹிக்கிள்' என்று மாற்றிவிட்டார்கள். ஆளுக்குத் தகுந்தபடி மாற்றி அமைத்த வண்டி என்று அர்த்தம். அந்த வண்டியை ஓட்ட நமக்குத் தகுதி இருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் லைசென்சு கொடுக்கலாம். நம்ம வண்டியிலேயே ஓட்டிக் காட்டலாம்.

சக்கரம் வைத்த பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி ஒப்புதல் வாங்கி, ஆர்.சி.யில் அந்த மாற்றத்தைப் பதிந்துகொள்ளணும். இன்சூரன்ஸ்காரருக்கும் எழுதிக் கொடுக்கணும். முதல் தடவை நான் இது எதையும் செய்யலை. விபத்தில் பெரிசா ஏதாவது ஆகியிருந்தால் என் கதி என்ன? ரெண்டாவது தடவை எல்லாம் முறையாகச் செய்தேன். மூணு தடவை அலைந்தேன், ஆனால் முடிந்தது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் மருத்துவச் சான்றும் கையில் வைத்துக்கிட்டுப் போங்க. சாலை வரிச் சலுகையையும் கேட்க மறக்காதீங்க.

பிறகு ஒரு மாசம் காலையில் ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டிப் பழகினேன். எங்க அம்மா சைக்கிள் பழகின அதே மைதானம். அம்மா ஓரத்தில் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா" என்று சத்தம் போட்டுக்கிட்டே இருப்பாங்க. நான் தனியா நூறு நடை ஓட்டி முடிக்கிற வரைக்கும் பின்னாடி யாரையும் ஏத்தலை. கண்மாய்க்கரை வளைவில் முதல் தடவை போனப்போ பத்தில்தான் போனேன். இப்பவும் இருபதைத் தாண்ட மாட்டேன். மகளிடம், "ஏறுறியா?" என்று நான் கேட்கலை. ஒருநாள் அவளாகவே வந்து ஏறிக்கிட்டாள்.

செலவுக் கடன் என்று சொன்ன அக்காவுக்கு இப்போது கணக்கு சொல்கிறேன். அவங்களும் முன் வரிசையில்தான் இருக்காங்க, கோவிச்சுக்க மாட்டாங்க. கீரமங்கலம் வரை போய்த் துணி வாங்கி, தைத்து, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தையலில் மாசம் ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து ஐந்நூறு கூடுதலா வருது. ஆட்டோச் செலவு மிச்சம். இருபது தவணையும் ஒன்றுகூடத் தவறாமல் கட்டி முடித்துவிட்டேன். தோட்டையும் மீட்டுவிட்டேன். போன வருசம் குழுவில் என்னைப் பிரதிநிதியாகப் போட்டாங்க. இப்ப பேங்குக்கு நான்தான் போறேன். மழை நாளில் மத்தவங்களுக்கும் சேர்த்து ரேஷன் வாங்கி வருகிறேன்.

ரூபாயில் வராத கணக்கும் ஒன்று இருக்கு. எங்க அம்மாவுக்கு இப்போது மூட்டு வலி, சைக்கிள் மிதிக்க முடியலை. மாசா மாசம் ஆஸ்பத்திரிக்கு என் பின்னாடி உட்கார்ந்துதான் வருகிறார்கள். பாரில் உட்கார வைத்து என்னை எத்தனை வருசம் சுமந்தாங்க. இப்ப என் முறை.

கடைசியாக, கூட்டமைப்புக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று. ஒவ்வொரு குழுவிலும், குழுவில் சேராத வீடுகளிலும், நடக்க முடியாத பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கு எடுங்க. ரெண்டு காலும் பாதித்தவங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவச ஸ்கூட்டருக்கு மனு கொடுக்க நாமே கூட்டிக்கிட்டுப் போவோம். எப்படி எழுதணும், என்னென்ன சேர்க்கணும் என்று தெரியாமலே நிறையப் பேர் வீட்டுக்குள் இருக்காங்க.

ரெண்டு. அந்தத் திட்டத்தில் வராதவங்களுக்கு, வண்டியை மாற்றி அமைக்கக் கொடுக்கிற கடனைத் தொழில் கடனாக எழுதுங்க. செலவுக் கடனாக எழுதாதீங்க. வண்டி விலையோடு சக்கரம், பதிவு, இன்சூரன்ஸ், பழகுற செலவு எல்லாத்தையும் சேர்த்தே கடன் கொடுங்க. நான் சக்கரத்தில் காசைக் குறைக்கப் பார்த்துத்தான் 9,000 ரூபாயையும் இழந்தேன், மகள் கையையும் ஒடித்தேன்.

இன்னைக்கு மத்தியானம் அப்படி ஒரு மனு தீர்மானத்துக்கு வருது. உங்க எல்லோருக்கும் அந்த அக்காவைத் தெரியும். பூ கட்டி விக்கிறவங்க. சர்க்கரையால் போன வருசம் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதுவரைக்கும் அவங்க வண்டியில்தான் கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு விடியக்காலம் போவாங்க. ஸ்கூட்டர் வீட்டில்தான் நிக்குது. சக்கரம் வைக்கத்தான் கடன் கேட்கிறாங்க. "விழுந்தா யாரு பொறுப்பு?" என்று யாராவது கேட்பீங்க. கேளுங்க, அது நல்ல கேள்விதான். அதுக்கு நான் பதில் சொல்கிறேன். அளவெடுக்க நான் கூடப் போகிறேன். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் போகிறேன். மைதானத்தில் ஒரு மாசம் பழகிக் கொடுக்கிறதும் என் பொறுப்பு.

மூணாவது சின்ன விசயம். நம்ம கூட்டமைப்புக் கட்டடத்துக்கு ஆறு படி இருக்கு, கைப்பிடி இல்லை. வண்டியில் வாசல் வரை நானே வந்துட்டேன். அந்த ஆறு படியையும் ஏற இன்னைக்கும் ரெண்டு பேர் தோளைப் பிடிச்சுத்தான் வந்தேன். ஓரத்தில் ஒரு சாய்தளம் போட்டால் எனக்கு மட்டும் இல்லை, முட்டி வலி இருக்கிற அப்பத்தாமார்களுக்கும் உதவும். அதுக்கு என் பங்கு ஆயிரம் ரூபாயை இப்பவே பொருளாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.

வண்டியைப் பார்க்கணும் என்கிறவங்க சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடிக்கு வாங்க. உட்கார்ந்தும் பார்க்கலாம். சாவி மட்டும் என்கிட்டதான் இருக்கும்.